கேமரா மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

எங்கள் சுங்குவார்சத்திரம் சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று கிடந்தது.

"நூறு வருசத்துப் பொருள்னு காட்டுப்பா, வெச்சிக்கலாம். இல்லேன்னா காயலான் கடைதான்" என்றார் பொருளாளர்.

ஊர் வரலாற்றை எழுதிவரும் எனக்கு மனசு கேட்கவில்லை. பழங்கால கீபோர்டு வாத்தியங்கள் பற்றிய ஆராய்ச்சி நூல் சென்னை நூலகமொன்றில் இருந்தது. ஷிப்ட் முடிந்து நேராகப் போனேன்.

நூலைக் கேட்டு, பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று போனை எடுத்தேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில், உள்ளே படமெடுக்கக் கூடாதென்று தினமும் போன் கேமராவை மறைத்து ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரை உரிக்க மறந்திருந்தேன். நூலக அலுவலர் அதையே பார்த்தார்.

"கம்பெனி ஆளா? உனக்கு இன்னாத்துக்கு இந்த புக்கு? இது ஆராய்ச்சி பண்றவங்களுக்கு."

"நானும் ஆராய்ச்சிதான் சார் பண்றேன்."

"ஓவர்டைம்லயா?" என்று சிரித்தார்.

பக்கத்து மேசையிலிருந்த ஆய்வு மாணவி எழுந்து வந்து, தன் அட்டையைக் காட்டி அதே நூலை வாங்கினார். என் முன்னால் வைத்தார்.

"படிங்கண்ணா."

அச்சகத்திலிருந்து வந்தபடியே பல பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் திறக்காத நூலை யாரிடமிருந்து காத்தார்கள்?

ஆர்கனுக்குள் பொறித்திருந்த தயாரிப்பு எண்ணைக் குறித்துப் போயிருந்தேன்; அதற்குரிய ஆண்டு நூலில் இருந்தது. ஆர்கனின் வயது நூறைத் தாண்டிவிட்டது. ஆர்கன் இன்றும் சர்ச்சில் இருக்கிறது.

அதன்பின் எந்த நூலகத்துக்குப் போனாலும் அந்த ஸ்டிக்கரோடுதான் உள்ளே நுழைகிறேன்.