எட்டாம் ஓட்டை

ஏழாவது இட்லி உள்ளே போனதும் நாகேஸ்வரன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "விஜயம், போடறதுன்னா ரெண்டாப் போடு. இல்லேன்னா வேண்டாம்" என்பார். அவர் மனைவி விஜயமும் இரண்டு இட்லியை ஒன்றாகத் தள்ளிவிட்டுப் போவாள். எட்டு என்கிற எண்ணிக்கையில் இந்த மனிதர் ஒரு நொடிகூட நிற்கமாட்டார். ஜாதகத்தில் எட்டாமிடம், பஞ்சாங்கத்தில் அஷ்டமி, ஆபீஸில் எட்டாம் நம்பர் அலமாரி, எல்லாமே அவருக்கு ஒன்றுதான். "எட்டு நமக்கு ஆகாது, கேட்டேளா" என்று பேச்சை முடித்துவிடுவார்.

வீடு வலியசாலையில். ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் என் மேஜைக்கு அடுத்த மேஜை. இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடலோரத்து வேளிக் காயலில் பாய்மரப் படகு விடுகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நானும் கண்ணால் பார்க்கிறவரை நம்பவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு என்ஜினீயர் துரை விட்டுவிட்டுப் போன சின்னப் படகு அது. கூட்டாளி சத்தியதாஸ், பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். சுக்கான் அவர் பொறுப்பு. முன்பாயும் அதன் கயிறும் நாகேஸ்வரன் பொறுப்பு.

அந்தக் கயிறு படகின் விளிம்போரம் உள்ள ஒரு கப்பிக்குள் புகுந்து அவர் கைக்கு வருகிறது. துரை காலத்தில் கப்பி ஒரே இடத்தில் அறையப்பட்டிருந்தது. காற்றுக்குக் காற்று கப்பி நகர வேண்டாமா என்று நாகேஸ்வரனுக்குத் தாளவில்லை. பம்பாய்க் கடை ஒன்றுக்கு எழுதி, என்னென்ன தினுசு உண்டு என்று விசாரித்தார். திருகி இறுக்குகிற தினுசு ஒன்று. "உப்புக் காத்துல திருகு பிடிச்சுண்டுடும்" என்று தள்ளினார். சிறு கயிறு ஒன்றை இழுத்தால் ஓடிவருகிற தினுசு இன்னொன்று. "கயிறு அவுந்தா கப்பி அது இஷ்டத்துக்குப் போகும், சரிப்படாது." கடைசியில் வரவழைத்தது, வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டை போட்ட பித்தளைப் பட்டை, அதன்மேல் நகரும் கப்பி, ஓட்டையில் விழுகிற, சுருள்வில் வைத்த முளை. படகின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று; காற்று வருகிற பக்கத்துக் கப்பி சும்மா கிடக்கும், மற்றது வேலை செய்யும். முளையைத் தூக்கிக் கப்பியைத் தள்ளிவிட்டால் டக்கென்று உட்காரும். "குத்தினா குத்தினதுதான், அசையாது பாரும்!" என்று கச்சேரி மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார். அந்த வாரம் அவர் மேஜையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

விஷயம் ரொம்ப எளிது. காற்று மெலிந்தால் கப்பி முன்னால் போகவேண்டும், பாய் வயிறு பருத்து இழுக்கும். காற்று ஏறினால் பின்னால் வரவேண்டும். அப்போது பாயின் அடி விறைத்து, தலைப்பக்கம் திறந்து, அதிகப்படியான காற்று வழிந்துபோகும். ஆவணி மாதத்துக் கடற்காற்றுக்கு இந்தப் படகு கேட்பது எட்டாவது ஓட்டை. நாகேஸ்வரன் வைப்பதோ ஏழு, இல்லாவிட்டால் ஒன்பது. ஏழில் படகு சாய்ந்து தண்ணீர் மொள்ளும். ஒன்பதில் பாயின் தலை படபடவென்று அடித்து ஓட்டமே செத்துவிடும்.

"சாமி, பின்னாலயிருந்து எண்ணிப் பாரும். அது அஞ்சாவதாக்கும்" என்பார் சத்தியதாஸ்.

"எப்படி எண்ணினாலும் அது எட்டுன்னு அதுக்குத் தெரியும், ஓய்!"

வெறும் கிறுக்கு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். போன வருஷம் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சத்தியதாஸே குனிந்து கப்பியை எட்டில் தள்ளினார். அன்றைக்கென்று படகு கவிழ்ந்தது. நாகேஸ்வரன் எட்டப் போய் விழுந்தார். சத்தியதாஸ் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டார். மீன்காரர்கள் வந்து வெளியே இழுத்தபோது உதடெல்லாம் நீலம் பாரித்திருந்ததாம். கவிழ்ந்ததற்குக் காரணம் ஓட்டை அல்ல. கையிலேயே பிடித்திருக்க வேண்டிய கயிற்றை, கை வலிக்கிறதென்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் நாகேஸ்வரன். காற்று அறைந்தபோது அவிழ்க்க முடியவில்லை. சத்தியதாஸ் இதைப்பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை. நாகேஸ்வரனேதான் என்னிடம் சொன்னார். "முடிச்சு நான் போட்டதுதான், இல்லேங்கலை. ஆனா எட்டுல இல்லேன்னா அது அவுந்திருக்கும்." கண் கலங்கியிருந்தது. எனக்குக் கேலி பேச வாய் வரவில்லை. பாவம், எதன்மேலாவது பழியைப் போடாமல் அந்த மனுஷர் எப்படித் தூங்குவார்?

போன ஞாயிற்றுக்கிழமை கரையிலேயே சத்தியதாஸ் சொல்லிவிட்டார். "சாமி, காத்து ஏறினா இன்னிக்கு எட்டுல குத்தணும். இல்லேன்னா இதோட மதி, போதும், இனி நான் வரமாட்டேன். உம்ம பயத்தையும் சேத்து ஏத்துகதுக்கு வள்ளத்துல எடமில்ல." நாகேஸ்வரன் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். அவருக்கு ஆபீஸ் தவிர்த்து உலகத்தில் இருக்கிற ஒரே சிநேகிதர் சத்தியதாஸ்தான். என்னைப் பாரத்துக்காக ஏற்றிக்கொண்டார்கள். இந்த உடம்பு அப்படியாவது ஒரு காரியத்துக்கு உதவியது.

மழையில் காயல் நிரம்பியதால், கடலுக்கும் காயலுக்கும் நடுவே அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். காயல் தண்ணீர் பொழிமுகம் என்கிற அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுக்காயலுக்குப் போனதும் காற்று ஏறியது. ஏழில் படகு ஒரேயடியாகச் சாய, நான் மேல்விளிம்பில் தொங்கிக்கொண்டு முருகா முருகா என்றேன். நாகேஸ்வரன் ஒன்பதுக்கு மாற்றினார். பாய் படபடத்தது, படகு நின்றது. நின்ற படகை நீரோட்டம் பிடித்துப் பொழிமுகத்தின் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கடல் அடிக்கிற சத்தம் கேட்டது.

சத்தியதாஸ் கத்தவில்லை. "சாமி, நான் வள்ளத்தைத் திருப்பப் போறேன். அந்தப் பக்கத்துக் கப்பி இப்போ சும்மாதானே கெடக்கு. அதை எட்டுல குத்திட்டுச் சொல்லும். சொன்னாத்தான் திருப்புவேன்."

நாகேஸ்வரனின் விரல் பித்தளைப் பட்டையில் ஊர்ந்து ஏழில் நின்றது. திரும்பி சத்தியதாஸின் முகத்தைப் பார்த்தார். "ஓய், உமக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. குத்தும்."

முளை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. "குத்தியாச்சு" என்றார் நாகேஸ்வரன், அழுகிற குரலில்.

படகு திரும்பியது. பாய் நிறைந்து, தலைப்பக்கம் லேசாகத் திறந்தது. படகு நிமிர்ந்து பொழிமுகத்தை விட்டு விலகிக் கரையைப் பார்த்து ஓடியது. நாகேஸ்வரனின் வலது கையில் கயிறு, முடிச்சில்லாமல், உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. இடது கையால் அவர் சத்தியதாஸின் கணுக்காலைப் பிடித்திருந்தார். படகு மணலில் ஏறி, நான் இறங்கி வேட்டியைப் பிழிந்து உதறுகிறவரைக்கும் அந்தக் கை விடவில்லை. சத்தியதாஸும் காலை நகர்த்தவில்லை.