மணல் மாட்டிய சத்தம்

உமர் பாருக் மாமா முதலில் சந்தேகப்பட்டது மருந்துக்கடைக்காரரை.

கம்பத்தில் அவருக்கு மோட்டார் பட்டறை. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட்வால்வைக் காதருகே குலுக்கிப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. போன வருடம் அவருடைய இதயத்திலேயே ஒரு வால்வு பழுதாகி, மதுரையில் செயற்கை வால்வு வைத்தார்கள்.

"இதுவும் ஃபுட்வால்வுதான். ரத்தம் திரும்பாமப் பாத்துக்கிரும்" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். அருகில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம்போல டிக், டிக் என்று கேட்கும்.

வால்வில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஐ.என்.ஆர் பரிசோதனை. அவருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும்; இறங்கினால் ரத்தம் உறையும். பத்து மாதம் நின்றது. நான் நாலு வருட ஊர்சுற்றலை முடித்துத் திரும்பிய மாதம் 1.6-க்கு இறங்கியது. மாத்திரையைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் 1.4.

"மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டதில் மாமாவுக்கு அவமானம். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையின் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"சுண்ணாம்பத் தட்டி மாத்திரைன்னு விக்கிறானுக."

வேறு கடையில் வாங்கினார். எண் ஏறவில்லை. அடுத்து லேப் மேல் சந்தேகம். ஒரே காலையில் கம்பத்தில் சொந்தப் பெயரிலும், உத்தமபாளையத்தில் ஷானவாஸ் என்ற பெயரிலும் ரத்தம் கொடுத்தார். நான்தான் ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். இரண்டு சீட்டிலும் 1.4.

"ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டானுகளோ?"

"ஷானவாஸ் யாருன்னே அவுகளுக்குத் தெரியாதே மாமா."

"அதான் எனக்கும் இடிக்குது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி லத்திபா மாமி குரல் கொடுத்தார்: "என்னைய மட்டுந்தான் பாக்கி வச்சிருக்கீக. எம்மேலயும் சந்தேகப்பட்டுருங்க."

ஒரு நாள் பட்டறையில் கரண்ட் போனது. மோட்டார்கள் அடங்கிய அமைதியில் மாமா தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார்.

"ஏத்தா, இங்கன வா. கேளு."

அவர் நெஞ்சருகே காதை வைத்தேன். சத்தம் துணி சுற்றியதுபோல மங்கியிருந்தது.

"மணல் மாட்டின ஃபுட்வால்வு இப்படித்தான் பேசும்" என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குவதை இரண்டு நாளாக மறைத்து வைத்திருந்ததையும் அப்போதுதான் சொன்னார்.

"எல்லாரையும் முடிச்சுட்டு இப்ப வால்வு மேலயேயா?" என்று கேட்டபடி மாமியும் காரில் ஏறினார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று திறக்கவில்லை, ரத்தக்கட்டி. கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும்.

"சாப்பாட்டில் புதுசா ஏதாவது?" என்றார் டாக்டர்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு தரையை.

"ஆணத்துல, அதான் கொழம்புல, முருங்கக்கீரப் பொடி. ரெண்டு மாசமா, தெனமும் ரெண்டு கரண்டி."

"கீரை கூடாதுன்னு அவர்கிட்டச் சொன்னேனே?"

"கீரைன்னாலே எந்திரிச்சு ஓடுறவுக டாக்டர். ஒங்க பேரச் சொல்லித் தப்பிக்கிறாகன்னு நெனச்சேன். ரத்தம் நீர்த்துப்போக மாத்திரைன்னு நீங்கதான் சொன்னீக. ஏற்கெனவே வெளிறிக் கெடக்காக. தண்ணி ஊத்துன பாலாட்டம் ரத்தம் ஓடுனா மனுசன் எப்படி நிப்பாக?"

ரத்தம் ஊறட்டும் என்று அவர் போட்ட பொடி, மாத்திரையின் வேலையைக் கெடுத்திருந்தது.

மாமி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம், கட்டி கரைந்துவிட்டது என்று உள்ளே விட்டார்கள். மாமி கட்டிலோரம் குனிந்து மாமாவின் நெஞ்சில் காதை வைத்தார். "கேக்குது" என்றார்.

இப்போது எண் 2.9. ஆனால் மாமா சாப்பிட உட்கார்ந்தால் ஆணத்தைக் கரண்டியில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுகிறார்.

"எம்மேலயுமா?"

"ஊரையே சந்தேகப்பட்டேன் லத்திபா. ஒன்னைய மட்டும் விட்டுட்டேன். அங்கனதான் இருந்துச்சு."

மாமி அவருடைய தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று காட்டினார். பிறகு அவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"பேசாமச் சாப்பிடுங்க. எனக்குச் சத்தம் கேக்கணும்."