நேரத்துக்கு வந்த வெர்டெல்

டேட்டன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பியூட்டி பார்லர் நடத்தும் எர்லீனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் தம்பி வெர்டெல் ஃபங்க் என்னும் துள்ளாட்ட இசை வாசிக்கும் ஒரு குழுவில் டிரம்பெட் ஊதியவன். சர்ச், சாப்பாடு, சொந்தக் கல்யாணம் என்று எதற்குமே நேரத்துக்கு வராதவன். குழுவின் பேர்போன பாட்டில், "ஊதுடா வெர்டெல்" என்று பாடகர் கூப்பிடுவார். தாளம் ஒரு தட்டு தாண்டிப் போன பிறகுதான் டிரம்பெட் சாவகாசமாக நுழையும். அந்தத் தாமதத்துக்காகவே ஊர் ஆடியது. கார் விபத்தில் அவன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், பாட்டில் அந்த இடம் வந்தால் எர்லீன் சீப்பை நிறுத்தி, "இரு, வந்துடுவான்" என்பாள்.

குழுவின் சிறந்த பாட்டுகளைத் தொகுத்துப் புதிதாக ஒரு சி.டி. வந்தது. வாடிக்கைக்காரி மோசெல் அதை வாங்கிவந்தாள்.

"கேளுக்கா. பழைய கரகரப்பையெல்லாம் எடுத்து, சுத்தமா துடைச்சு வச்சிருக்கானுங்க."

"அதுல துடைக்க என்னடி இருக்கு? போடு, பாப்போம்."

பாடகர் கூப்பிட்டார். எர்லீன் சீப்பை நிறுத்தினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டிரம்பெட் வந்துவிட்டது, தாளம் பிசகாமல். தம்பியின் தாமதத்தை எவனோ கம்ப்யூட்டரில் சரிசெய்திருந்தான்.

"வெர்டெல் அண்ணன்தானேக்கா?" என்றாள் மோசெல்.

எர்லீன் சீப்பைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துடி அதை. மூச்சு அவனோடதுதான். ஆனா என் தம்பி கூப்பிட்ட உடனே என்னைக்குமே வந்ததில்ல. அவன் பேரைச் சொன்னதும் வந்து நிக்கிறது யாரு?"