லிஃப்ட்டுக்காரரின் மூக்கு

ஒரு வாரப் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த இணையக் குழுக்கள் என்று சிலவற்றைத் தேர்ந்தெடுத்தது. வீட்டிலேயே கொட்டை வறுத்து, அரைத்து, காபி போட்டுக் குடிக்கும் பைத்தியங்களுக்கான ‘நாலாவது கப்’ அதில் ஒன்று. மூன்று கப்பைத் தயங்காமல் கொட்டினால்தான் நாலாவது கப் உருப்படும் என்பது குழுவின் சட்டம். சட்டம் போட்டவர் செய்தியைக் கேட்க இல்லை. அதற்கு முந்தைய மாதம் ஒரு காலையில் மெஷினைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் சூடாவதற்குள் போய்விட்டார்.

குழுவில் அவர் பெயர் லிஃப்ட்டுக்காரர். தொழிலும் அதுதான். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் கைபட்டு ஓடியவை. நடுமாடியில் மாட்டிக்கொண்டு கத்துபவர்களிடம் மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரேக்கை விடுவிப்பார். “கத்தாதீங்க சார், லிஃப்ட்டு பயப்படுது” என்பார். உள்ளே இருப்பவர் சிரித்துவிடுவார்.

குழு தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் மோட்டார் அறை ஏணியிலிருந்து அவர் மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் அடி. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மனைவி காபி கொடுத்தாள். குடித்தார். கப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னடி இது, சுடுதண்ணியில வேப்பெண்ணெய கலந்து குடுத்துட்டியா?”

காபியில் குற்றமில்லை. மோப்ப நரம்பு அறுந்திருந்தது. நாக்கு மிச்சமிருந்தது: கசப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை, அது இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதை அறிந்தவர்கள் மூன்று பேர்: அவர், மனைவி, மகள்.

மகளுக்குத் தராசுகளையும் பிரஷர் மீட்டர்களையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வகத்தில் வேலை. அளவு சரியென்று தானே பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவாள். வீட்டில் அவளை ‘முத்திரை’ என்றே கிண்டல் செய்வார்கள்.

நிருபர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். ஒல்லியான இளைஞர். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அப்பாவின் எஸ்பிரெஸோ மெஷின் இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்று தள்ளி உட்கார்ந்தார். அம்மா துடைத்த கப்புகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சார் எழுதினதெல்லாம் படிச்சேன்,” என்றார் நிருபர். “முதல்ல மெஷின் ரிப்பேர் பத்தித்தான் எழுதியிருக்காரு. வாஷர் மாத்துறது, பம்ப்பு சத்தம் போடுறது. அப்புறம்தான் வாசனை பத்தி வருது. என்னா எழுத்து! கேளுங்க.” போனை உயர்த்திப் பிடித்து வாசித்தார். “‘கசக்குது. கடைசியில கொஞ்சம் புளிக்குது. மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனையாம்.’ இன்னொண்ணு. ‘இனிப்பு தெரியுது. பென்சில் சீவின கையி வாசனையாம்.’ எந்த காபிக் கடையில இப்படி எழுதிப் போடுறான்? எல்லாம் சாக்லேட், பழம், பூ. அதத் தாண்ட மாட்டான்.”

அம்மாவின் கைத் துணி நின்றது.

“அதுலயும் அந்த ‘ஆம்’ இருக்கு பாருங்க. வாசனையாம்! நான் சொல்லல, யாரோ சொன்னாங்கங்கிற மாதிரி. எவ்வளவு அடக்கம்! இப்ப குழுவுல எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. கசக்குதாம், புளிக்குதாம், சூடா இருக்குதாம்னு. அதுதான் இந்தக் குழுவோட அடையாளமே.” அடுத்ததற்கு விரலால் தள்ளினார். “எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. ‘கசப்பு அளவா இருக்கு. வேலை முடிஞ்சு வர்ற ஆளோட சட்டைக் காலர் வாசனையாம். கிரீஸும் சோப்பும்.’”

“அதையுமா எழுதி வெச்சாரு?” என்றாள் அம்மா.

“எதைம்மா?”

அம்மா துடைத்த கப்புகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கழுவத் தேவையில்லாத கப்புகளுக்குக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

நிருபர் மகள் பக்கம் குனிந்தார். “தலைப்பு முடிவாயிடுச்சு. ‘ஊரிலேயே கூர்மையான மூக்கு’. குழுவுல இருக்கிற பல் டாக்டர் சொன்ன வார்த்தை. ஒரு பாரா அனுப்பி வைக்கிறேன், சரியான்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. குடும்பத்துல ஒருத்தர் ஒப்புக்காம எங்க ஆசிரியர் போட மாட்டாரு.”

அவள் தலையாட்டி வைத்தாள்.

நிருபர் போன பிறகு அம்மா வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரலில் கோபம்தான் இருந்தது.

“தினம் கப்ப நீட்டுவாரு. ‘என்ன வாசனை வருது, சொல்லு’ம்பாரு. ஐயோ பாவம், மனுஷனுக்குத் தெரியலையேன்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அத ஊருக்கே தண்டோரா போட்டிருக்காரு. காலரு வரைக்கும்!”

“உனக்குத் தெரியாதாம்மா?”

“அந்த குரூப்புக்குள்ள நான் எங்கடி போனேன்? எனக்குக் காபியே பிடிக்காது. மோந்து பாத்துட்டுக் குடுத்துடுவேன், அவ்வளவுதான்.”

மகள் சிரித்துவிட்டாள். அப்பா போனபின் அந்த வீட்டில் யாரும் சிரித்து அவள் கேட்கவில்லை. தன் சிரிப்பே யாருடையதோ போலிருந்தது.

பிறகு தலைப்பைச் சொன்னாள். அம்மா மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்கட்டும் விடு. போனதுக்கப்புறமாவது மூக்கு கிடைச்சுதே.”

“பொய்யில்லையாம்மா?”

“யாரு குடி கெட்டுது? நீ உண்மையச் சொன்னா என்ன போடுவான் தெரியுமா? காபி சங்கத் தலைவருக்கு மூக்கே கிடையாதுன்னு போடுவான். உசுரோட இருந்தவரைக்கும் யாரும் அவர மூக்கறுத்ததில்ல. செத்தப்புறம் நீ அறுக்கப்போறியா?”

அவள் பயந்ததும் அதற்குத்தான். கட்டுரை வந்த மறுநாள் குழுவில் என்னென்ன ஜோக் வரும் என்று அவளாலேயே எழுத முடியும். ஒருமுறை அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், ஏம்ப்பா அவங்ககிட்ட சொல்லல என்று. “சொன்னா அனுதாபம் கிடைக்கும். காபி கிடைக்காது” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார்.

பல் டாக்டர் போன் செய்தார். குழுவை இப்போது பார்த்துக்கொள்பவர் அவர்தான். சந்தோஷத்தில் குரல் எகிறியது.

“நிருபர் வந்தாராம்மா? நான்தான் சொன்னேன், அந்த மூக்குக்கு ஈடே கிடையாதுன்னு. ஒவ்வொரு வருஷமும் ருசிப் போட்டிக்கு நடுவரா கூப்பிடுவேன். ஒவ்வொரு வருஷமும் நழுவிடுவாரு. லிஃப்ட்டு நின்னுடுச்சும்பாரு. ரிட்டயர் ஆனப்புறமும் அதையே சொன்னாரு!”

“ஆமா டாக்டர்,” என்றாள். எதற்கு ஆமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நிருபரின் பாரா வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார். ‘அவர் முகர்ந்து சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை’ என்று ஒரு வரி. ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். அவள் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, அப்பா எழுதியதையெல்லாம் பழையதிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஏதோ ஓரிடத்திலாவது அவர் வாய்தவறிப் பொய் சொல்லியிருப்பார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மனசு ஆறும், அதோடு இதுவும் ஒன்று என்று விட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு.

எழுந்துபோய் அம்மாவை அழைத்துவந்து உட்காரவைத்தாள். “இத மட்டும் பாரு. எங்கெல்லாம் ‘ஆம்’ போட்டிருக்காரு?”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள். “‘கசக்குது. புது செருப்புக் கடை வாசனையாம்.’ நான் சொன்னதுதான்.”

“கசக்குதாம்னு எழுதியிருக்காரா?”

“இல்ல, கசக்குது.”

“அடுத்தது.”

“‘நல்லா புளிக்குது. இஸ்திரி போட்ட துணி வாசனையாம்.’”

“நாக்கு சொன்னதுக்கு ‘ஆம்’ கிடையாது. அது அவரே பாத்தது. மூக்குக்கு மட்டும்தான் ‘ஆம்’. நீ சொன்னதுக்கு. எல்லாத்தையும் பாத்துட்டேம்மா. ஒரு இடத்துலகூட மாறல. மத்தவங்கதான் புரியாம கசக்குதாம், சூடா இருக்குதாம்னு எல்லாத்துக்கும் ஒட்டிக்கிட்டாங்க.”

அம்மா இன்னும் இரண்டை வாசித்துப் பார்த்தாள். மனசுக்குள்ளேயே இன்னும் சில.

“அந்த மனுஷன் எல்லாத்துலயும் இப்படித்தான்டி,” என்றாள். “உங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துக்கு நான் மட்டும் போயிட்டு வந்து சொன்னேன். அத அவரு ஆபீஸ்ல சொல்றப்பகூட, சாப்பாடு நல்லா இருந்துச்சாம்னுதான் சொல்லுவாரு. நல்லா இருந்துச்சுன்னு சொன்னா என்ன, யாரு வந்து கேக்கப்போறா?”

“இப்ப நாம சரின்னு எழுதிட்டா, அவரு சொல்லாத பொய்ய அவரு வாயில நாம போட்ட மாதிரி ஆயிடும்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

“முத்திரை,” என்றாள். “உன்னோட பெரிய ரோதனை. சரி, சொல்லு. ஆனா அந்தக் காலரு விஷயம் வரக்கூடாது. அது எனக்கும் அவருக்கும். அவரு பாட்டுக்கு எழுதிட்டாரு, அதுக்காகப் பத்திரிகையிலயும் வரணுமா?”

மகள் நிருபருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலைப்பு போய்விட்டது.

“அப்ப மோந்து சொன்னது யாருங்க?”

“எங்கம்மா.”

“நான் வந்தன்னிக்குக் கப்பு துடைச்சுக்கிட்டு இருந்தாங்களே…”

“அவங்கதான்.”

“ஐயோ,” என்றார் நிருபர். “ஒரு கேள்விகூட கேக்காம வந்துட்டேனே.”

கட்டுரை வந்தது. தலைப்பு ‘கேட்டு எழுதியவர்’. அம்மாவைப் பற்றி நாலு வரி, படம் இல்லை. காலர் இல்லை. ‘ஆம்’ பற்றி அவள் சொன்னதைச் சொன்னபடியே போட்டிருந்தார். யாரையும் மூக்கறுக்கவில்லை.

குழு அறுத்தது. ஒருவர், இத்தனை வருடம் எங்கள் காதில் பூச்சுற்றினார் என்று எழுதிவிட்டு வெளியேறினார். இன்னொருவர், அப்படியென்றால் நான் வாங்கிய கொட்டையெல்லாம் யார் மூக்கை நம்பி என்று கேட்டார். நாலைந்து ஜோக்குகள் வந்தன, அவள் எதிர்பார்த்தவைதான். எதிர்பார்த்ததால் வலிக்காமல் இருக்கவில்லை. பல் டாக்டரிடமிருந்து மூச்சே இல்லை. அவள் இரண்டு முறை போனை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் டாக்டரே குழுவில் எழுதினார். பழைய பதிவுகளையெல்லாம் தானும் உட்கார்ந்து படித்துப் பார்த்ததாகவும், ஏமாற்றியவர் என்று யாராவது சொன்னால் எந்தப் பதிவில் என்று காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி: ‘வருஷா வருஷம் நடுவரா கூப்பிட்டு அவர நெளிய வெச்சிருக்கேன். எனக்கு இன்னிக்குக் காபி இறங்கல.’

அதற்குக் கீழே யாருக்கும் பழக்கமில்லாத ஒருவரின் பதிவு வந்தது. குழுவில் வெகுநாளாக இருக்கிறாராம், ஒரு வார்த்தையும் எழுதியதில்லையாம். தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கும் வாசனை தெரியாமல் போய்விட்டது. ஆனாலும் தினமும் காபி போடுகிறார். இங்கே எழுத எனக்கு என்ன அருகதை என்று வாயை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன் என்று முடித்திருந்தார்.

மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“அவங்க வீட்ல வேற யாருமில்லையா, மோந்து சொல்ல?”

“எனக்கெப்படிம்மா தெரியும்?”

“கேளேன். கையில போனத்தானே வெச்சிருக்க.”

கேட்டாள். பதில் உடனே வந்தது. தனியாகத்தான் இருக்கிறார்.

அம்மா கத்தியைத் துடைத்து வைத்தாள். மெஷினிடம் போய் நின்றாள். அதைத் தொட்டது அவர் போனபின் அன்றுதான் முதல்முறை. தண்ணீர் ஊற்றும் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

“என்ன கொட்டை வாங்கியிருக்காங்கன்னு கேளு. எவ்வளவு நைஸா அரைக்கிறாங்கன்னும் கேளு. நாமளும் அதையே வாங்கலாம்.”

“உனக்குத்தான் காபியே பிடிக்காதே.”

“குடிக்கப்போறது யாரு?” என்றாள் அம்மா. “இந்த மூடிய முதல்ல தொறந்து குடு.”