எட்டாவது படித்தவர் வாசித்த மந்திரி வரலாறு

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் பீட்சா போட ஆயிரம் பேர் உண்டு. முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கிற கல்யாணத்தில் கல்லைப் போட்டு, சுடச்சுட ஆளுக்கொரு முறுகல் தோசை கொடுக்க வேண்டுமென்றால் கந்தசாமி ஒருவர்தான். காங்கேயம் பக்கத்துக்காரர். படித்தது எட்டாவது. இன்றைக்கு அவருக்கு இரண்டு கிச்சன், ஆறு வேன், பதினெட்டு ஆட்கள். அந்தப் பதினெட்டில் இரண்டு பேர் எம்.பி.ஏ. இதை அவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சொன்னால் என்ன தப்பு? படித்தவன் வேலை கேட்டு வந்தான், படிக்காதவர் கொடுத்தார். மூடி மறைக்க இது என்ன வியாதியா?

போன சித்திரையில் கொன்றைத் தமிழ் மன்றத்துத் தலைவர் பத்மநாபன் அவர் கிச்சனுக்கே நேரில் வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். தும்மினால்கூட இங்கிலீஷில்தான் தும்முவார். மன்றத்து ஆண்டு விழாவுக்கு இங்கிலாந்தில் மந்திரியாக இருந்த ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார், தமிழர்களின் உற்ற நண்பர், பெயர் டெரிக் ஹால்ஸ்டெட் என்றார். இந்த வருஷம் முதல் ஸ்பான்சர் கந்தசாமி என்பதால், மன்றத்து வழக்கப்படி விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை மேடையில் வாசித்துப் பொன்னாடை போர்த்துவதும் அவரே என்றார்.

கந்தசாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்த ஹால்ஸ்டெட்டுங்க?"

பத்மநாபன் போனில் படத்தைக் காட்டினார். முடி போயிருந்தது, கன்னம் தொங்கியிருந்தது. பல் மட்டும் அதே பல்.

அந்தப் பல்லைக் கந்தசாமி ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர். கிழக்கு லண்டனில் ஒரு தோசைக் கடையில் அவர் கல்லில் நின்ற காலம். ஹால்ஸ்டெட் அப்போது ஓட்டுக்கு அலைகிற வெறும் ஆள். பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தான். கந்தசாமி தோளில் கையைப் போட்டு, கல்லுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, அதையே நோட்டீஸாக அடித்துத் தெருத் தெருவாகக் கொடுத்தான். ஜெயித்தான். அடுத்த தேர்தலுக்கும் அதே கல், அதே போட்டோ. மறுபடி ஜெயித்தான். எது வேணுமானாலும் என்னை வந்து பாருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவான். தோசைக்குக் கடைக்காரர் காசு வாங்கியதில்லை, அவனும் கொடுத்ததில்லை.

பிறகு துணை மந்திரியானான். வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடுகிற இலாகா. இரண்டே வருஷத்தில் அந்த இலாகாவுக்கே மந்திரி. வந்ததும் முதல் வேலையாக, சமையல்காரனாக இருந்தாலும் இங்கிலீஷ் எழுதப் படிக்கப் பரீட்சை எழுத வேண்டும், தேறாதவனுக்கு விசா நீட்டிப்பு கிடையாது என்று சட்டம் போட்டான். கந்தசாமி இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் ஃபெயில். தோசை எப்படி வார்ப்பது என்று கேட்டிருந்தால் கேட்டவனுக்கே சொல்லிக் கொடுத்திருப்பார். அவர்கள் கேட்டதோ, வராத பார்சலைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதச் சொல்லி.

பழைய நோட்டீஸை எடுத்துக்கொண்டு, ஹால்ஸ்டெட் தொகுதி மக்களைப் பார்க்கிற வெள்ளிக்கிழமையில் போய் மூன்று மணி நேரம் காத்திருந்தார். கூட சாந்தி, ஆறு மாத வயிற்றோடு. உள்ளே போனதும் நோட்டீஸை மேசையில் விரித்தார். ஹால்ஸ்டெட் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற தன் ஆபீஸ் பெண்ணிடம், இது யார் என்று கேட்டான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எழுந்துவிட்டான். அடுத்த மாதம் புருஷனும் பெண்சாதியும் இரண்டு பெட்டியோடு கோயம்புத்தூரில் இறங்கினார்கள்.

திருப்பி அனுப்பியது கந்தசாமிக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஒன்பது வருஷம் தன் கையால் தின்றுவிட்டு, யார் என்று கேட்டானே, அதுதான். அதற்குப் பிறகு ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல்காரர் அழைத்து, கிரீன் கார்டு வாங்கி, சொந்தக் கிச்சன் போட்டு இத்தனை தூரம் வந்தும் அந்த ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. அவன் முகத்துக்கு நேரே பதில் சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

பத்மநாபன் அனுப்பிய குறிப்பு இரண்டு பக்கம். நல்ல தமிழில் எழுதியிருந்தார். ஓட்டுக்கு நின்றது, மந்திரியானது எல்லாம் இருந்தது. கட்சிக்குள் இரண்டு பக்கமும் தாவியது 'இரு அணியினரும் போற்றிய பண்பாளர்' என்று வந்திருந்தது. கடைசித் தேர்தலில் தோற்றது 'ஓய்வு பெற்று உலகெங்கும் உரையாற்றி வருகிறார்' என்று வந்திருந்தது. 'குடியேற்றத் துறையில் அரும்பணி ஆற்றியவர்' என்ற வரிக்குக் கீழே கந்தசாமி பேனாவால் நாலு வரி சேர்த்தார்.

சாந்தி அதைப் படித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள். மன்றத்துத் தீபாவளி, பொங்கல், ஆண்டு விழா மூன்றுக்கும் சாப்பாடு நம்முடையது, அதைப் பார்த்துத்தான் ஊரே நம்மைக் கூப்பிடுகிறது என்றாள்.

"படிச்சுப் போட்டுத் துண்டைப் போத்திட்டு வாங்க. அந்தாளுக்கு உங்களத் தெரியவே தெரியாது."

"அதனாலதான்" என்றார் கந்தசாமி.

விழா ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில். ஹால்ஸ்டெட் மைக்கில் "வணக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னான். அரங்கம் கூரை இடிகிற மாதிரி கை தட்டியது. நம்மவர்களுக்கு அது போதும். வெள்ளைக்காரன் வாயில் வணக்கம் வந்துவிட்டால் வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்துவிடுவார்கள்.

கந்தசாமி வாசித்தார். அரும்பணி வரை எழுதியிருந்தபடி வாசித்தார். பிறகு தன் நாலு வரி. இந்த மந்திரி ஒன்பது வருஷம் ஒரு சமையல்காரன் கையால் தின்றார், அவனோடு எடுத்த போட்டோவில் ஓட்டு வாங்கினார், அவன் போய் நின்றபோது யார் என்று கேட்டார், கர்ப்பிணி மனைவியோடு அவனை ஏற்றி அனுப்பினார், அந்தச் சமையல்காரன் நான்தான். அரங்கத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹால்ஸ்டெட் மட்டும் பல்லைக் காட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் பத்மநாபன் அவன் காதில் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தார். வாசித்து முடித்ததும் ஹால்ஸ்டெட் எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, இவ்வளவு அன்பான அறிமுகம் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை என்று இங்கிலீஷில் நன்றி சொன்னான். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பத்மநாபன் அத்தனையையும் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று கந்தசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பதில் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, போக வேண்டியவனுக்குப் போகவில்லை.

பொன்னாடைத் தட்டு வந்தது. கந்தசாமி அதைத் தொடவில்லை. மைக்குக்குத் திரும்பினார். அவர் இங்கிலீஷ் கிச்சன் இங்கிலீஷ். சப்ளையரிடம் வெங்காயம் கேட்கிற இங்கிலீஷ்.

"சார். நைன் இயர்ஸ் யூ ஈட் மை தோசை. யூ டேக் போட்டோ. ஐ கம் யுவர் ஆபீஸ், யூ ஆஸ்க், ஹூ இஸ் திஸ். மை வைஃப் சிக்ஸ் மன்த் பிரெக்னன்ட். யூ சென்ட் அஸ். நவ் ஐ டெல் யூ. ஐ ஆம் கந்தசாமி."

ஹால்ஸ்டெட்டின் பல் மெதுவாக உதட்டுக்குள் போனது. ஆனாலும் அரசியல்வாதி அரசியல்வாதிதான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அது கஷ்டமான காலம், முடிவு அரசாங்கம் முழுவதும் சேர்ந்து எடுத்தது, தனிப்பட்ட முறையில் தனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் வருந்துகிறேன் என்று வழவழவென்று சொன்னான். கந்தசாமி பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டார். பொன்னாடையைப் பத்மநாபனே அவசரமாகப் போர்த்தினார். அதுவும் தலைகீழாக.

சாப்பாட்டுக் கூடத்தில் கல் காய்ந்துகொண்டிருந்தது. பத்மநாபன் வேகமாக வந்து, மன்றத்து மானம் போய்விட்டது, இனி ஒரு விழாவுக்கும் நீங்கள் வர வேண்டாம் என்றார்.

"சரிங்க. இன்னைக்கு ஆர்டர் முடியலைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்."

சாந்தி சட்னி வாளியோடு பக்கத்தில் நின்றாள். மூன்று விழாவும் போயிற்று என்று அவளுக்குக் கணக்கு ஓடியிருக்கும். ஆனால் வழக்கமாகக் கல்லுக்கு ஓர் அடி தள்ளி நிற்பவள், அன்றைக்கு ஒட்டி நின்றாள்.

விருந்தினர் என்று ஹால்ஸ்டெட்டைத்தான் முதலில் அழைத்து வந்தார்கள். வம்பில்லாத பேச்சாகப் பார்த்துப் பேசுகிறவன் போல, உங்கள் இங்கிலீஷ் நன்றாகவே இருக்கிறதே என்றான்.

"ஃபெயில், சார். டூ டைம்ஸ்" என்றார் கந்தசாமி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

யாரோ போனைத் தூக்கினார்கள். பழக்க தோஷம். ஹால்ஸ்டெட் தட்டோடு கல்லைச் சுற்றி வந்து, அவர் தோள் பக்கம் கையைக் கொண்டுபோனான். கந்தசாமி தோசைத் திருப்பியை நடுவில் நீட்டினார்.

"நோ போட்டோ. ஈட்."

ஹால்ஸ்டெட் கையை இறக்கினான். தோசையை வாங்கிக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து நின்று தின்றான். தோசை முறுகலாகத்தான் இருந்தது. அதில் கந்தசாமி எவனுக்கும் குறை வைத்ததில்லை.