சிவப்புப் பொத்தானில் குங்குமம்

எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் என் கையைப் பற்றித்தான் பேச்சு. மூடியிருக்கிற டப்பாவைத் திறக்கும், ஓடுகிற மிக்சியை நிறுத்தும், பக்கத்து வீட்டு சைக்கிள் மணியை அடித்துவிட்டு வரும். "இவ வாய கூட நம்பலாம், கைய நம்ப முடியாதும்மா" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். தொடாதே என்கிற சொல் காதில் விழுவதற்குள் தொட்டு முடித்திருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆரம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. ஆயுத பூஜை முடிந்ததும் இரண்டு பேரைப் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள், அதில் ஒருவர் மாமா என்று பேச்சு அடிபட்டது. பர்மனென்ட் ஆனால்தான் பொன்னேரியில் பார்த்து வைத்திருந்த பெண்ணைக் கொடுப்பார்கள். அதனால் அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் சாமி பேரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பூஜையன்று குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். மாமா என்னைக் கூட்டிப்போனார். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சாமந்திச் சரம், சந்தனப் பொட்டு. எல்லாம் ஓய்ந்து நிற்க, ஒரே ஒரு குழாய் லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவசர ஆர்டராம். அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாவை நிறுத்திவிட்டு ஆபரேட்டர் தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் போயிருந்தார்.

"பாப்பா, இத நிறுத்திட்டா உள்ள உருகிகினு கீற பிளாஸ்டிக் அப்டியே கருகிப் பூடும். கழட்டி சுத்தம் பண்ண ரெண்டு நாளாவும். பேஜாரு. கைய கட்டிக்கினு நில்லு, இன்னா?"

கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் எதிரே பெட்டியில், காளான் குடை மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. யாரோ பக்தியுள்ள ஆள் அதன் தலையிலும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்திருந்தார். தொட்டுக் கும்பிட்டுக்கொள் என்று அது கூப்பிடுவது போலவே இருந்தது. மாமா "ஏய்" என்றார். அதற்குள் என் உள்ளங்கை அதன்மேல் இருந்தது.

லைன் நின்றது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேட்டர் ஓடிவந்து என்னென்னவோ அழுத்திப் பார்த்தார். குழாய் உள்ளேயே அறுந்து பிடித்துக்கொண்டது. கருகிய நெடி வந்தது.

"யாருய்யா ஸ்டாப்ப அழுத்துனது?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நான்தான் சார்," என்றார் மாமா. "பூவ சரி பண்றப்ப முழங்கை இடிச்சிட்ச்சி."

"மூணு வருசமா இன்னாத்தய்யா கத்துக்கின?"

"பொண்ணு நெனப்புல இருந்துருப்பான் சார்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரிப்பது போல உதட்டை இழுத்துக்கொண்டார்.

'நான்தான்' என்ற சொல் எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன். கஷ்டமே இல்லை.

இப்போது என் மகளுக்கு அதே வயது, அதே கை. அவளுக்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படிக்கிறேன். நெற்றிக்குப் பின்னால் மூளையில் ஒரு பகுதி இருக்கிறதாம். 'வேண்டாம், நில்' என்று கையைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்காம். அது முழுசாக முதிர இருபது வயது தாண்டிவிடுமாம். படித்தபோது ஒரு பாரம் இறங்கியது. பாவம், அந்தப் பிள்ளையின் கையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் வாய்? அதை அன்றைக்கு எவ்வளவு கச்சிதமாக நிறுத்தினேன்! அந்த இடத்தில் வந்து எந்தப் படிப்பும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. மாமாவிடம் அன்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். டீ வாங்கிக் கொடுப்பார், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பூஜையன்று சாயங்காலமே கான்ட்ராக்ட்காரர் மாமாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது லீவு போலத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் அவரோடு வேலை செய்தவர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "லைனு ஓட ஆரம்ச்சிடுச்சிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உயிரே வந்தது. மெஷின் ஓடுகிறதென்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

சோறு தின்றுகொண்டிருந்த மாமாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "அடுத்த வருசமும் பூஜைக்கு என்ன இட்டுகினு போவியா மாமா?"

"போலாம் பாப்பா," என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதற்காகச் சட்டென்று எழுந்து உள்ளே போனாள் என்று எனக்கு விளங்கவில்லை.