வெளிப்பக்கம் பார்த்த செருப்புகள்

எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே நாலு சோடிச் செருப்புகள் தெருவைப் பார்த்தபடி கிடக்கும். கழற்றிய கையோடு குனிந்து திருப்பிவைப்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. சுவரோரம் ஐந்தாவதாக இன்னொரு சோடி இருக்கிறது. நீல வார், குதிப்பக்கம் தேய்ந்து மெலிந்துபோன றப்பர். அது மட்டும் வீட்டைப் பார்த்தபடி இருக்கும். அது என் மாமாவுடையது, அதாவது என் கணவரின் தகப்பனாருடையது. அவர் காலமாகி ஐந்து வருடம் ஆகப்போகிறது. கூட்டுகிற சாட்டில் யாராவது அதை நகர்த்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மாமாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கலியாணம் முடித்து மன்னார்க் கரையிலுள்ள இலுப்பைக்கடவைக்கு வந்த முதற்கிழமையிலேயே எனக்கும் அவருக்கும் இந்தச் செருப்பால்தான் சண்டை. கழற்றிப்போட்ட செருப்புகளை நான் மறுபடி பார்க்கும்போது எல்லாம் வெளிப்பக்கம் திரும்பி வரிசையாக நிற்கும். வீட்டுக்கு வந்த சனத்தின் செருப்பையும் மனிசன் விடமாட்டார். "வந்த ஆக்களைப் போங்கோ எண்டு கலைக்கிற மாதிரி இருக்கு மாமா" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். "இருக்கட்டும் பிள்ளை, அவசரத்துக்கு உதவும்" என்றார். என்ன அவசரம் என்று சொல்லவில்லை. நானும் விடவில்லை. அவர் அந்தப்பக்கம் போனதும் அவருடைய சோடியை மட்டும் எடுத்து உள்ளே பார்க்கத் திருப்பிவைப்பேன். அவர் வந்து பார்ப்பார், குனிந்து சரிசெய்துவிட்டுப் போவார். வருடக்கணக்காக இது நடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இதில் சலிப்பே வந்ததில்லை.

மாமா இளமையில் ஆகாயப்படையின் தீயணைப்புப் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெற்கே ஒரு விமானத்தளத்தில், விமானம் ஏறி இறங்கும் நேரமெல்லாம் தீயணைப்பு வண்டியோடு தயாராக நிற்கிற வேலை. நாட்டில் சண்டை மூளுவதற்கு முன்னரே அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடற்தொழிலுக்குப் போயிருக்கிறார். பிறகு வந்த காலத்தில், படையில் இருந்தவன் என்றால் இங்கே சந்தேகம், தமிழன் என்றால் அங்கே சந்தேகம். அதனால் 'கொழும்புப் பக்கம் கந்தோரில் எழுத்து வேலை செய்தவர்' என்ற ஒரு வசனத்தோடு வீட்டில் கதையை முடித்துவிட்டார்கள். என் கணவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பின்னர் அதற்காக அவரோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தேன், அது வேறு.

மாமி காலமானபோது என் கணவருக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு மாமாதான் சமைத்து, தோய்த்து, தலை துடைத்துவிட்டு மகனை வளர்த்தவர். முதற்பிள்ளை என் வயிற்றில் இருந்தபோது மீன் மணம் எனக்குக் குமட்டும். மாமா கடற்கரையிலேயே மீனை வெட்டிக் கழுவி, கையைப் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வளவுக்குள் கால் வைப்பார். என்னைப் பெற்ற அப்பா எனக்காக அப்படிச் செய்திருப்பாரோ தெரியாது. சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக்குள் அலைந்த நாட்களில் என் மூத்த மகளை, பெரியவளை, தோளில் சுமந்தவரும் அவர்தான். பதுங்குகுழிக்குள் எங்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணி இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் தான் இறங்குவார். பயத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். அது தொழில் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து எங்களை ஊருக்குக் கொண்டுவந்து விட்டபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். கூரைக்குத் தகரமும் பிளாஸ்டிக் தறப்பாளும் தந்தார்கள். கொட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல எழும்பின. எங்களுடையதோடு சேர்த்து நான் தென்னங்கிடுகால் ஒரு குசினி இறக்கி, அடுப்புக்குக் காற்றுப் படாமல் பக்கத்தில் ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டினேன். மாமா வந்து நின்று பார்த்தார்.

"பிள்ளை, அடுப்புக்கும் இதுக்கும் இடையில ரெண்டு முழமாவது விடு."

"ரெண்டு முழம் விட்டா நான் எங்க நிண்டு சமைக்கிறது மாமா, கடலுக்கையோ?"

சிரித்தார். தானே அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். அடுத்தநாள் நான் அதைப் பழைய இடத்தில் கட்டினேன். செருப்பில் நடந்த சண்டைதான் இதுவும் என்று நினைத்துவிட்டேன்.

சோளகக் காற்று வீசிய ஒரு மத்தியானம் அது. என் கணவர் வள்ள அலுவலாக மன்னாருக்குப் போயிருந்தார். மாமா கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஏழு வயதுப் பெரியவள் பக்கத்துக் கொட்டில் அக்காவின் பிள்ளைகளோடு பனைமரத்தடியில் விளையாடினாள். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்து அணைத்துவிட்டுப் போனதாகத்தான் என் நினைவு. ஆனால் தறப்பாள் பற்றி, குசினிக்குள் இருந்த மண்ணெண்ணெய்க் கலன் பெரிய சத்தத்தோடு வெடித்தது.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? ஒருவராவது வாளியைத் தூக்கவில்லை. எல்லோரும் பையைத் தூக்கினார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் போட்ட ஒரு பை அந்த நாட்களில் எல்லாக் கொட்டிலிலும் வாசலோடு தொங்கும். எத்தனையோ தடவை ஓடி ஓடி உடம்பு அதைப் படித்துவைத்திருந்தது. நானும் ஓடிவந்து ஆணியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு தேவாலயத்துப் பக்கம் ஓடினேன். பெரியவள் மற்றப் பிள்ளைகளோடு முன்னால் ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். கால் ஓடியது, கை பையைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

தேவாலய வளவுக்குள் மாமா கடற்கரையிலிருந்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஓடாதேங்கோ, இது ஷெல் இல்லை. நில்லுங்கோ" என்றார். பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போய் ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தினை பேர்? எல்லாரும் நிக்கிறியளோ?" என்னிடம் வந்தார்.

"பெரியவள் எங்க?"

"முன்னுக்கு ஓடி வந்திட்டாள் மாமா. அக்காட பிள்ளையளோட."

பக்கத்துக் கொட்டில் அக்கா தன் பிள்ளைகளைப் பார்த்தாள். "என்னோட வரேல்லையே தங்கச்சி. விடாய்க்குது, தண்ணி குடிக்கப்போறன் எண்டு அப்பவே வீட்டுக்குப் போனவள்."

மாமா திரும்பி நடந்தார். சின்னவனை அக்காவின் கையில் திணித்துவிட்டு நான் பின்னால் ஓடினேன். குசினி முழுதாக எரிந்துகொண்டிருந்தது. கொட்டிலின் தகரத்துக்குக் கீழால் கறுப்புப் புகை வெளியே தள்ளியது. மாமா புகையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். அங்கே, தண்ணீர் குடிக்க வந்தவள் அவர் பழக்கியபடி கழற்றித் திருப்பிவைத்திருந்த சின்னஞ்சிறு சிவப்புச் செருப்பு ஒரு சோடி வெளிப்பக்கம் பார்த்தபடி அசையாமல் கிடந்தது. அந்த மத்தியான மணலில் செருப்பில்லாமல் எந்தப் பிள்ளையும் நாலடி வைக்காது.

"பிள்ளை உள்ளுக்குத்தான்" என்றார். நான் கதறிக்கொண்டு உள்ளே பாய, என் தோளைப் பிடித்து நிறுத்தினார். எழுபது வயது தாண்டிய கை. என்னால் அசையமுடியவில்லை. வெளியே கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு தட்டையும் அகப்பையையும் எடுத்து என் கையில் தந்தார். "இதில நிண்டு தட்டிக்கொண்டிரு. நான் வெளியில வாற வரைக்கும் நிப்பாட்டாதை. எனக்கு வாசல் எங்க எண்டு தெரியவேணும்." சாக்கொன்றை வாளித் தண்ணீரில் தோய்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, நெஞ்சு நிலத்தில் படப் படுத்து, வலது கையால் சுவரைத் தொட்டபடி ஊர்ந்து புகைக்குள் போனார்.

தட்டினேன். மாதாவே என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. என் உயிர் முழுவதும் அந்தத் தட்டில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே தகரம் ஒன்று கழன்று விழுந்தது. பிறகு புகைக்குள்ளிருந்து சாக்கு வந்தது, சாக்குக்குக் கீழே மாமா, அவர் வயிற்றோடு அணைத்தபடி என் பிள்ளை. அந்தக் கிழவனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை. தேவதூதர்களைப் பற்றிப் பூசையில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். என் கண்ணால் கண்டது இடுப்பில் சரிந்த சாரமும் கரி முகமுமாக இருமிக்கொண்டிருந்தது.

பெரியவள் நிவாரண அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்திருக்கிறாள். "ஏனம்மா வெளியில ஓடி வரேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள்தானே சொன்னனீங்கள், வெடிச் சத்தம் கேட்டா மூட்டைக்குப் பின்னால இருக்கச் சொல்லி. நீங்கள் கூப்பிடுமட்டும் வரவேண்டாம் எண்டு." மண்மூட்டைக்குப் பின்னால் பதுங்கப் பழக்கியவள் நான்தான். பழக்கியதை மாற்றிச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மாமா அதோடு உட்காரவில்லை. காற்று அடுத்த கொட்டில் பக்கம் நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. தெருவோரக் காம்பிலிருந்து நாலைந்து ஆமிப் பொடியன்கள் ஓடிவந்து வேலியோடு திகைத்து நின்றார்கள். மாமா அவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் உத்தரவு போடத் தொடங்கினார். கெஞ்சல் இல்லை, உத்தரவு. தண்ணீர் கொண்டு வரச்சொல்லி, அடுத்த கொட்டிலின் கூரையைப் பிரித்துத் தூர இழுக்கச்சொல்லி. நெருப்பு வேலையை அவர் படித்தது அந்த மொழியில். அவசரத்தில் வேறு மொழி வரவில்லை. அவர்கள் துவக்குகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னபடியே செய்தார்கள். வளவிலிருந்த எங்கள் சனமும் திரும்பி வந்து கிணற்றிலிருந்து வாளிகளைக் கைமாற்றியது. அந்த ஒரு கூரையோடு நெருப்பு நின்றது. ஒரு பொடியன் போகும்போது அவரைச் "சேர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நெருப்பு அடங்கியதும் வாளிகளைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரித்துப்போட்ட கூரை பக்கத்துக் கொட்டில் அக்காவினுடையது. கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்தவள் அவள்.

"நீங்கள் ஆமியில இருந்தனீங்களோ ஐயா?" என்றாள்.

மாமா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஆகாயப்படை மகள். அந்தக் காலம். துவக்குப் பிடிக்கேல்லை, நெருப்பு அணைச்சனான்."

அவள் பிரிந்து கிடந்த தன் கூரையைப் பார்த்தாள். பிறகு என் மகளின் தலையைத் தடவிவிட்டு, "அப்ப என்ர அடுப்பையும் ஒருக்கா வந்து பாருங்கோ ஐயா, அதுவும் கூரையோட ஒட்டித்தான் கிடக்கு" என்றாள். நான் அழுதது அப்போதுதான்.

அடுத்த கிழமை முழுக்க மாமா அன்றைய நெருப்பில் வெந்த காலில் துணி சுற்றிக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போய் அடுப்புகளைத் தள்ளிவைத்தார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி, நெருப்பென்றால் ஒளிக்கக்கூடாது, குனிந்து வெளியே வரவேண்டும் என்று விளையாட்டாகப் பழக்கினார். செருப்பின் கதையையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார். தளத்தில் மணி அடித்தால் நினைக்க நேரமில்லை; சப்பாத்துகளை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, காற்சட்டையை அவற்றின்மேல் மடித்துவைத்திருப்பார்களாம். கால் வைத்து இழுத்தால் ஆள் தயார். "வேலையை விட்டிட்டன் பிள்ளை. இது மட்டும் விடேல்லை" என்றார். அன்றிலிருந்து என் தறப்பாள் இரண்டு முழமல்ல, நாலு முழம் தள்ளி நின்றது. ஆனால் அவர் செருப்பை மட்டும் நான் இடைக்கிடை உள்ளே பார்க்கத் திருப்பிவைப்பேன். அவர் வந்து சரிசெய்யும்போது இப்போது இரண்டு பேரும் சிரிப்போம்.

கல்வீடு கட்டி, அதில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் போனார். செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருக்க, பெரியவளைக் காணவில்லை என்று தேடி வெளியே வந்தேன். வாசலில் குந்தியிருந்து, குவிந்து கிடந்த அத்தனை செருப்புகளையும் சோடி சோடியாக எடுத்து வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து திருப்பினேன். கடைசியில் அந்த நீல வார்ச் சோடி என் கையில் வந்தது. உள்ளே பார்க்க வைத்தேன்.

"அப்பப்பாட செருப்பு பிழையாக் கிடக்கம்மா" என்று கைநீட்டினாள்.

"தொடாதை. அதைத் திருப்புற வேலை அவருடையது" என்றேன்.

விடிந்து கதவைத் திறக்கும்போது முதலில் அந்தச் சோடியைத்தான் பார்க்கிறேன். இன்றைக்கும் அது நான் வைத்தபடியே கிடக்கிறது.